பிரசங்கமும் அதிகப்பிரசங்கமும்

‘பிரசங்கம் பண்ணாதே’ என்னும் தொடர் நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிப்பது. பெரியவர் ஒருவர் நன்னெறி ஒன்றை எடுத்து விரிக்கத் தொடங்கினால், எதிரே நிற்கும் இளைஞன் வாய்விட்டுச் சொல்லாவிடினும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வது இதுவே. இதனோடு உடன்பிறந்த தொடர்களும் பல உள. ‘உபதேசம் போதும்’ என்கிறோம். ‘புராணம் பாடாதே’ என்கிறோம். ஒருவர் தம் குறையை நீட்டி முழக்கினால், ‘பாரதம் படிக்காதே’, ‘உன் இராமாயணத்தை நிறுத்து’ என்கிறோம். சற்றே எண்ணிப் பாருங்கள். பிரசங்கம், உபதேசம், புராணம், பாரதம், இராமாயணம் ஆகிய இவை இகழ்ச்சிச் சொற்களாகப் பிறந்தவை அல்ல. நம் முன்னோர் இவற்றுக்காக நிலம் விட்டார்கள், நெல் அளந்தார்கள், அவ்வாறு விட்டதையும் அளந்ததையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அத்துணை மதிப்புப் பெற்ற சொற்கள் சலிப்புக்குப் பெயராக மாறியது எங்ஙனம் என்பதே நான் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கல்லில் வெட்டி வைத்தார்கள் என்றேன். அந்தக் கல்லைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வில்லியனூருக்கு மேற்கே திருபுவனை என்றோர் ஊர் இருக்கிறது. இன்று அவ்வழியே செல்வோர்க்குத் தொழிற்சாலைகளும் பேருந்து நிறுத்தமுமே கண்ணிற் படும். சோழர் காலத்தில் இதன் பெயர் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. அதன் காலம் கி.பி. 1048. இங்கே ஒரு கல்விச்சாலை நடந்தது என்பதையும், அதில் மாணவர் 260 பேரும் ஆசிரியர் 12 பேரும் இருந்தனர் என்பதையும் அக்கல்வெட்டு உரைக்கிறது. கோயிற் பணிகளுக்கும் இக்கல்விச்சாலைக்குமாக விடப்பட்ட நிலம் 72 வேலி; ஆண்டுதோறும் அதிலிருந்து வர வேண்டிய நெல் 12,000 கலம். ஒரு வேலியை ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலாகக் கொண்டால், இது ஏறத்தாழ 475 ஏக்கர் ஆகும். ஓர் ஊரின் நிலத்தில் இஃது எத்துணைப் பெரிய பங்கு என்பதைப் பயிர்த்தொழில் அறிந்த மாணவர் தாமே உணர்வர்.

அங்குக் கற்பித்தவை யாவை? வேதங்களும் இலக்கணமும் சூத்திரங்களும் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு பாரதமும் இராமாயணமும் மனு சாத்திரமும் வைகானச சாத்திரமும் விரித்துரைக்கப்பட்டன. இவ்வாறு விரித்துரைப்பதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் அழகிய சொல் வழங்குகிறது. ‘வக்காணித்தல்’ என்பது அச்சொல். ‘வியாக்கியானம்’ என்னும் வடசொல்லைத் தமிழ் நாக்கு தன் விருப்பப்படி உருட்டி எடுத்த வடிவம் அது. விழுப்புரம் வட்டாரத்திலேயே உள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் இதைவிடச் சற்றுப் பெரிய கல்விச்சாலை நடந்தது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் வக்காணித்தவர்களுக்கு அங்கே தனியாகப் பொன்னும் அளிக்கப்பட்டது.

இதற்கும் முந்திய சான்று வேண்டுமாயின் பல்லவர் காலத்துக்குப் போகலாம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கு ஒரு பங்கு நிலம் ஒதுக்குகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, நம் பாகூரில் இருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைக் கூறுகிறது. ஆகவே வில்லியனூரும் பாகூரும் சூழ்ந்த இந்தப் பகுதியில், சொல்லி விளக்குவதை ஒரு தொழிலாக மதித்து ஊதியம் வழங்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்பதில் ஐயமில்லை.

திருபுவனைக் கல்வெட்டில் என் மனத்தை மிகவும் ஈர்த்த செய்தி இன்னும் ஒன்று உண்டு. கல்விச்சாலையின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும், கோயிலில் நூல்களை விரித்துரைப்போர்க்கும், ஊர் வாரியங்களில் பணியாற்றும் கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்றெல்லாம் சோழர் காலத்து ஊராட்சிக்குப் பல வாரியங்கள் இருந்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏரியின் கரை உடையாமல் காப்பதும், நீரைப் பங்கிடுவதும், வரவு செலவு பார்ப்பதும் வாரியத்தார் பொறுப்பு. ஓதுவோரும் ஓதுவிப்போரும் முழு நேரமும் கல்வியிலேயே நிற்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் அவ்விலக்கு வழங்கப்பட்டது. இதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அறம் சொல்வோன் வேறு, ஏரிக்கரையில் நிற்போன் வேறு என்னும் பிரிவினைக்கு அன்றே கல்லில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 12,000 கலம் நெல்லை விளைத்தவருள் பெரும்பாலோர்க்கு அந்தக் கல்விச்சாலையில் இடம் இல்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. சதுர்வேதிமங்கலம் என்ற பெயரே அது யாருக்குரியதாய் இருந்தது என்பதைச் சொல்லும்.

இந்தப் பிளவிலிருந்துதான் நம் பழமொழிகள் பிறந்தன என்பேன். ‘ஊருக்கு உபதேசம்’ என்னும் தொடரைக் கேளாதவர் யார்? அதற்கு ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. கோயிலில் புராணம் சொல்பவர் ஒருவர், இன்ன நாளில் கத்தரிக்காய் உண்பது பாவம் என்று ஒருநாள் மெய் சிலிர்க்கும்படி எடுத்துரைத்தாராம். கூட்டத்தில் இருந்த அவர் மனைவி விரைந்து வீடு திரும்பி, சமைத்து வைத்திருந்த கத்தரிக்காய்க் கறியைக் குப்பையில் கொட்டிவிட்டாள். இலையில் அமர்ந்த புராணிகர், ‘கறி எங்கே?’ என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். ‘அடி பேதையே! அது புராணத்துக் கத்தரிக்காய். நான் கேட்பது நம் கொல்லைக் கத்தரிக்காய்’ என்றாராம் அவர். இக்கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் புராணத்தை வெறுத்தவர்கள் அல்லர். மறுநாளும் தவறாமல் புராணம் கேட்கப் போனவர்களே. கேட்டுவிட்டு எழுந்து வரும்போது தோன்றி, வீட்டு வாசலை மிதிக்குமுன் மறைந்துவிடும் பற்றறுதிக்குப் ‘புராண வைராக்கியம்’ என்று பெயரிட்டவர்களும் அவர்களே. மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் ஆகியவற்றோடு அதனையும் ஒரு வரிசையில் வைத்தார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘பிரசங்கம்’ என்னும் வடசொல்லுக்கு அடிப்படைப் பொருள் ஒட்டுதல், சார்ந்திருத்தல் என்பது. அதிலிருந்து ஒன்றோடொன்று தொடர்புற்று வரும் சந்தர்ப்பம் என்ற பொருள் விரிந்தது. அவையில் நிகழ்த்தும் விரிவுரை என்னும் பொருளே தமிழில் பெரிதும் ஊன்றி நின்றது. உபதேசத்தின் கதை வேறு. அஃது ஆசிரியன் அருகில் அமர்ந்த ஒரே மாணாக்கனுக்குச் செவியறிவாகச் சொல்வது. மந்திரோபதேசம் என்பது அதன் உச்சநிலை. பலர் நடுவே உரத்துச் சொன்னால் அது பழைய முறையில் உபதேசமே ஆகாது. காலட்சேபம் என்பதோ காலத்தைக் கழித்தல் என்னும் பொருளுடையது. இறைவன் புகழைப் பேசிப் பொழுதைப் போக்குதல் என்ற உயர்ந்த கருத்தில் எழுந்த சொல், ‘காலட்சேபம் எப்படி நடக்கிறது?’ என்று பிழைப்பை விசாரிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. பேசிப் பிழைப்போர் பெருகிய காலத்தில் இரண்டு பொருளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டதில் வியப்பில்லை.

கிறித்துவப் பெரியார்களும் இச்சொற்களை அன்போடு ஏற்றனர். மறைக்கல்விக்கு ‘ஞானோபதேசம்’ என்று பெயர் வைத்தனர். ஊர்தோறும் சென்று அதைக் கற்பித்தவர் ‘உபதேசியார்’ ஆனார். விவிலியத்தில் ஒரு நூலுக்கே ‘பிரசங்கி’ என்று பெயர். இயேசுநாதரின் மலைமேற் பேச்சு ‘மலைப்பிரசங்கம்’ ஆயிற்று. இவ்விடத்தில் வீரமாமுனிவரை நினையாமல் அப்பாற் செல்ல இயலாது. உபதேசம் செய்வோர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு ‘வேதியரொழுக்கம்’ என்னும் நூலை அவர் இயற்றினார். அதே கை, அறிவில்லாக் குருவையும் அவரினும் அறிவில்லாச் சீடர் ஐவரையும் வைத்துப் ‘பரமார்த்த குருவின் கதை’யையும் எழுதியது. அக்கதையை 1822-இல் இலண்டனில் பாபிங்டன் என்பவர் அச்சேற்றினார். உபதேசத்தின் அருமையையும் அதன் நகைப்புக்குரிய பக்கத்தையும் ஒருங்கே அறிந்திருந்த முனிவர் அவர். இந்த இரட்டைப் பார்வை இல்லாத உபதேசியாரிடம் நாம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பிரசங்கம் என்னும் சொல்லுக்குப் புது வாழ்வு தந்த நாள் ஒன்று உண்டு. 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. இடம் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயில். அன்று மாலை ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு அகவை 25. நாவலர் என்ற பட்டமும் இன்னும் வரவில்லை. அதற்கு முன் அவர் மெதடிஸ்தப் பாதிரியாரான பேர்சிவல் துரையின் பள்ளியில் பயின்று, பின் அங்கேயே ஆசிரியராக இருந்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்கு உதவியவர். பாதிரிமார் வாரந்தோறும் மேடையேறி, எடுத்துக்கொண்ட ஒரு பொருளைப் பற்றி எல்லார்க்கும் விளங்கும் உரைநடையில் பேசுவதை அவர் அருகிருந்து கண்டார். அந்த முறையைச் சைவத்துக்குக் கொண்டு வந்தார். அதுவரை கோயிலில் நடந்தது பெரும்பாலும் ஒரு பாட்டைப் படித்து அதற்கு உரை சொல்லுவது. நாவலரோ பாட்டிலிருந்து அன்றிப் பொருளிலிருந்து தொடங்கினார். கள்ளுண்ணாமை, கொல்லாமை, பிறன்மனை நோக்காமை, கல்வி, வழிபாடு என ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பொருள். கார்த்திகேச ஐயரும் அவருமாக மாறி மாறிப் பேசினார்கள்.

இது சிறிய மாறுதல் எனத் தோன்றலாம். உண்மையில் மிகப் பெரிய மாறுதல். பாட்டுக்கு உரை சொல்பவரைப் பாட்டு கட்டிப்போட்டிருக்கும். கதை சொல்பவரைக் கதை இழுத்துச் செல்லும். கதையில் சுவை இருக்கிறது. பாட்டில் இசை இருக்கிறது. இவ்விரண்டும் இல்லாமல் அறத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, நேரே நின்று, ‘இதைச் செய்; இதைச் செய்யாதே’ என்று உரைநடையில் பேசும்போது, பேசுபவரின் ஆற்றலைத் தவிரப் பிடித்துக்கொள்வதற்கு வேறொன்றும் இல்லை. நாவலரிடம் அந்த ஆற்றல் இருந்தது. பிரசங்கம் ஒளி வீசியது. அவரைப் பார்த்துப் பேசப் புகுந்த எல்லாரிடமும் அது இருந்ததாகச் சொல்ல இயலாது. சலிப்பு அங்கேதான் நுழைந்தது.

நமக்கு அருகிலேயே மற்றொரு நிகழ்ச்சி. வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் 1873 அக்டோபர் 22-ஆம் நாள் இராமலிங்க அடிகளார் சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டு ஓர் உரை நிகழ்த்தினார். அதனை அன்பர் ‘பேருபதேசம்’ என்று போற்றுவர். தாம் கடை விரித்தும் வாங்குவார் இல்லையே என்று அடிகளார் வருந்தியதாக ஒரு செய்தி வழங்குகிறது. உபதேசம் என்னும் சொல்லுக்கு முன்னே ‘பேர்’ என்ற அடை சேர்ந்தது இங்கே. பிரசங்கத்துக்கு முன்னே ‘அதிக’ என்ற அடை சேர்ந்தது வீட்டுக் கூடங்களில். இரண்டு அடைகளுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒன்று வணக்கம், மற்றது வசை.

அதிகப்பிரசங்கி என்னும் வசை யாரை நோக்கி வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி இதற்கு மிகுதியாகப் பேசுதல் என்ற பொருளோடு, வரம்பு மீறிய துடுக்கு என்ற பொருளையும் தருகிறது. வழக்கில் இரண்டாவதே வலிமை பெற்றது. அறுபது வயதுப் பெரியவர் ஒரு மணி நேரம் பேசினால் அது பிரசங்கம். அவர் நடுவே மூச்சு வாங்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டால் அது அதிகப்பிரசங்கம். அளவைக் குறிக்க வேண்டிய ‘அதிகம்’ இங்கே அகவையைக் குறிக்கிறது. இந்த ஒரு சொல்லால் எத்தனை நல்ல வினாக்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டன என்பதற்குக் கணக்கில்லை. பெண்பிள்ளைகளின் கணக்கு இன்னும் பெரிது. எனவே இளைஞர்கள் பெரியவர் பேச்சைப் ‘பிரசங்கம்’ என்று எள்ளுவதை நான் முழுதும் குற்றமாகக் கருதுவதில்லை. தம்மீது எறியப்பட்ட கல்லில் பாதியை அவர்கள் திருப்பி எறிகிறார்கள், அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரசங்கம் மறுபடியும் ஒருமுறை தலை நிமிர்ந்தது. சுதேசி இயக்கத்தின்போது கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் திரண்ட கூட்டங்களில் நடந்தவை பிரசங்கங்களே. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பேசியதற்காக 1908-இல் சுப்பிரமணிய சிவாவுக்கு முதலில் விதிக்கப்பட்ட தண்டனை 10 ஆண்டு. அவருக்குத் துணை நின்றதற்கும் தாமே பேசியதற்குமாக வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலேயே அவை குறைக்கப்பட்டன. அதே ஆண்டில்தான் பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஒரு பிரசங்கத்துக்கு இத்துணை விலை கொடுக்க நேர்ந்த காலத்தில் அச்சொல்லை யாரும் சலிப்பாக எண்ணியிருக்க மாட்டார்கள். பேசுபவனுக்கு இழப்பு உண்டு என்று தெரிந்தால், கேட்பவன் கொட்டாவி விடுவதில்லை.

பின்னர் நிகழ்ந்ததுதான் இச்சொல்லின் விதியை முடிவு செய்தது. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வடசொற்களுக்கு மாற்றாகத் தமிழ்ச் சொற்கள் பொதுமேடையில் வழங்கலாயின. உபந்நியாசமும் பிரசங்கமும் இருந்த இடத்தில் ‘சொற்பொழிவு’ வந்து அமர்ந்தது. எவ்வளவு அழகிய சொல் அது! மழை பொழிவது போல் சொல் பொழிவது. அச்சடித்த அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் சொற்பொழிவு ஏறிக்கொண்டது. பட்டாடை புதியவருக்குப் போனபின் பழையவர் வீட்டு வேலைக்கு வந்தார். மதிப்புப் பொருள் முழுவதும் சொற்பொழிவுக்குப் போய்விட, பிரசங்கத்தின் பங்கில் எஞ்சியது சலிப்புப் பொருள் ஒன்றே. ‘அறிவுரை’க்கும் இன்று இதே நிலை வந்துகொண்டிருக்கிறது. ‘அட்வைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை இளைஞர்கள் தமிழ் எழுத்தில் எழுதும்போது அதில் ஒரு நகைப்பு ஒலிக்கிறதன்றோ?

இவ்விதி தமிழுக்கு மட்டும் உரியதன்று. புதுச்சேரியில் பிரஞ்சு பயின்ற முதியோரைக் கேட்டால் ‘செர்மோன்’ என்ற சொல்லைச் சொல்வார்கள். அதன் வேராகிய இலத்தீன் சொல்லுக்குப் பொருள், இருவர் உரையாடுதல் என்பதே. அது தேவாலயப் பேச்சாகி, பின்பு தந்தை மகனைக் கண்டிக்கும் நெடும்பேச்சாயிற்று. பிரான்சு நாடு 1882-இல் தொடக்கப் பள்ளிகளில் சமய பாடத்தை விலக்கி அதன் இடத்தில் அறநெறிக் கல்வியை வைத்தது. நம் நாட்டிலும் சமய, ஒழுக்கக் கல்வி பற்றி ஆராய ஸ்ரீ பிரகாசா தலைமையில் 1959-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. நம் பள்ளிகளின் கால அட்டவணையில் ‘நீதிபோதனை’ என்றொரு வகுப்பு இருந்ததைப் பலர் அறிவர். கணக்கு ஆசிரியர் பாடம் முடிக்கக் கடன் வாங்கும் வகுப்பாகவே அது பெரும்பாலும் பயன்பட்டது என்பதையும் அறிவர்.

சலிப்பு தட்டாமல் அறம் சொல்லும் வழி நம் மொழிக்குத் தெரியாததன்று. தொல்காப்பியர் ‘வாயுறை வாழ்த்து’, ‘செவியறிவுறூஉ’ என்று அதற்கு இலக்கணமே வகுத்தார். வேம்பும் கடுவும் போல முதலில் கசந்து, பின்னர் நன்மை பயப்பது வாயுறை வாழ்த்து என்கிறார். வாயுறை என்பதற்கு மருந்து என்று பொருள் கொள்வர். பிற்கால நீதி நூலார் தம் நூல்களுக்குத் திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயர்களையே சூட்டியதும் இக்கருத்தாலேயே. மருந்துக்கு முதல் இலக்கணம் அளவு. கசப்பு மருந்தைக் குடங்குடமாகக் குடிக்கக் கொடுக்கும் வைத்தியன் எங்கும் இல்லை.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள். ஒரு மாவிற் குறைந்த சிறு நிலமாயினும், அதன் நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்குப் போதும். யானையே வயலுக்குள் புகுந்துவிட்டால் நூறு வயலும் போதா, அதன் வாயிற் புகுவதைவிடக் காலில் மிதிபடுவது மிகுதி என்கிறார். அரசனே, அளவறிந்து வரி வாங்கு என்பது இதன் கருத்து. பாட்டு ஏறத்தாழப் பத்து அடி. ‘கொடுங்கோலனாகாதே’ என்ற கூச்சல் இல்லை. முன்னோர் பெருமை பற்றிய முன்னுரை இல்லை. யானையை வயலில் இறக்கிக் காட்டிவிட்டுப் புலவர் நின்றுகொள்கிறார். அரசன் எதிரே நின்று வரியைப் பற்றிப் பேசுவது உயிருக்கு இடர் தரக்கூடிய செயல் என்பதையும் நாம் மறத்தலாகாது.

வள்ளுவர் ‘பயனில சொல்லாமை’க்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, பயனற்ற சொல்லைப் பாராட்டுபவனை மக்களுள் பதர் என்றார். குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவரே பல சொற்களை விரும்புவர் என்றும் வேறோரிடத்தில் காட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்தை எண்ணினார். அவற்றுள் மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், நின்று பயனின்மை என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதி, மேடையேறுவோர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். வானொலியில் பேச வருவோர் பாடு இன்னும் கடினம். கோயில் மண்டபத்தில் இருந்தவர் எழுந்து போக நாணினார். வானொலி கேட்பவர் விரலை அசைத்தால் தீர்ந்தது. நிலையத்தார் எனக்குத் தந்த நேரத்தை அவ்வப்போது கண்ணாடிக்கு அப்பாலிருந்து நினைவூட்டுவதும் இதனாலேயே.

இக்கால மாணவர் இச்சலிப்புக்குப் புதிய பெயர்கள் பல வைத்துள்ளனர். நெடும்பேச்சுக்காரர் ‘ரம்பம்’ என்றும் ‘பிளேடு’ என்றும் பெயர் பெறுகிறார். அவர் பேச்சு ‘அறுவை’. எல்லாம் வெட்டும் கருவிகளும் வெட்டும் தொழிலுமாகவே இருப்பது நோக்கத்தக்கது. கழுத்தறுப்பு என்று பாட்டிமார் முன்பே சொன்னதன் வழிவந்தவை இவை. ‘அறுவை’ என்பது சங்க காலத்துச் சொல் என்பதை அறிந்தால் அவர்கள் மகிழ்வார்கள். அன்று அதற்கு ஆடை என்று பொருள். தறியிலிருந்து அறுக்கப்பட்டது ஆதலின் அறுவை. துணிக்கப்பட்டது துணி ஆனது போலவே இதுவும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் பெயரைக் கேட்டுச் சிரிக்கும் மாணவரை நான் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். துணி வணிகர் அவர். அவர் பாட்டுகளில் மற்ற அறுவை எதுவும் இல்லை என்று சொல்லி வைப்பது என் வழக்கம்.

பிரசங்கம் என்ற சொல் இகழ்ச்சி இல்லாமல் இன்னும் வாழும் இடம் ஒன்று உண்டு. திருபுவனைக்குச் சுற்றுவட்டாரத்திலும், வில்லியனூர், பாகூர், விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர்களிலும் திரௌபதியம்மன் கோயில்கள் பல இருக்கின்றன. விழா நாள்களில் அங்கே பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவில் தெருக்கூத்து. வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லுபவரைப் பிரசங்கியார் என்றே அழைக்கிறார்கள். முடிவில் மண்ணாற் செய்த நெடிய துரியோதனன் உருவம் கிடக்கப் படுகளம் நிகழும், அதன்பின் தீமிதி. 1048-இல் கல்வெட்டு கண்ட பாரத விரிவுரை சதுர்வேதிமங்கலத்துக் கோயிலுக்குள் நடந்தது. இதுவோ வேப்பமரத்து நிழலில், ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் தரையில் அமர்ந்து கேட்பது. பிரசங்கியார் தருமனின் சூதாட்டத்தைச் சொல்லும்போது, சூதின் தீமை பற்றித் தனியே ஒரு சொல்லும் சொல்வதில்லை. பாஞ்சாலியை அவைக்கு இழுத்து வரும் கட்டம் வந்ததும், முன்வரிசையில் இருக்கும் கிழவியர், ‘அந்தப் பாவி நாசமாய்ப் போக’ என்று துச்சாதனனை வைது தீர்ப்பார்கள். அவர் பாட்டை நிறுத்திக் காத்திருப்பார். வசவு அடங்கிய பின்னரே அடுத்த விருத்தத்தை எடுப்பார்.